ஆசிரியர் கையில் ஒரு சிறுதொகை

கரும்பலகையையும் வெண்கட்டியையும் மட்டுமே கொண்டு விஞ்ஞானம் கற்பிக்கலாமா? கற்பிக்கலாம் என்றே இந்நாட்டுக் கல்வி நிருவாகம் நெடுங்காலமாக நடந்து காட்டி வருகின்றது. மின்சுற்றைப் பலகையில் வரைந்து, "மின்குமிழ் ஒளிரும்" என்று கீழே எழுதி, அதனைப் பிள்ளைகள் பார்த்தெழுதிப் பரீட்சையில் ஒப்புவித்தால் புள்ளி கிடைத்துவிடுகிறது. குமிழ் ஒளிர்ந்ததைக் கண்ட பிள்ளை எத்தனை என்பதை எந்தப் பரீட்சையும் கேட்பதில்லை.

செய்து கற்றல் இந்நாட்டுக்குப் புதிய தத்துவமன்று. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த 1930களிலேயே கிராம வாழ்வையும் பாடத்தையும் இணைக்க ஹந்தெஸ்ஸத் திட்டம் முயன்றது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அவ்வவ்வூர்த் தொழில்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. அதற்கென வெளியிடப்பட்ட ஆசிரியர் வழிகாட்டிகளிலே ஒவ்வொரு செயற்பாட்டின் கீழும் "தர உள்ளீடுகள்" என்றொரு பட்டியல் உண்டு. மின்கலம், கம்பி, வில்லை, பாசிச்சாயத் தாள் எனப் பொருள்கள் அதில் நிரல்படக் கூறப்பட்டிருக்கும். பட்டியலை அரசாங்கம் அச்சிட்டது. பொருளைக் கடைக்காரன் விற்கிறான். இடையில் நிற்பது ஆசிரியரின் சட்டைப்பை. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021இல் மாதக்கணக்கில் போராடிய ஆசிரியர்களின் சட்டைப்பை அது என்பதையும் மறத்தலாகாது.

தர உள்ளீட்டுக்கென அரசாங்கம் பாடசாலைகளுக்குப் பணம் வழங்குகிறதே என்பர். வழங்குகிறது. ஆனால் அப்பணம் மாகாணத்தையும் வலயத்தையும் கடந்து, குழுக்கூட்டங்களையும் கூறுவிலைகளையும் பெறுகை விதிகளையும் கடந்து வருவதற்குள் பாடம் முடிந்துவிடுகிறது. வந்தபின்னும் பிரதியெடுக்கும் தாளும் வெண்கட்டியும் அதன் பெரும்பங்கை விழுங்குகின்றன. ஒரு மின்கலத்துக்கு மூன்று கூறுவிலை கேட்கும் முறைமை ஊழலைத் தடுக்கலாம். கற்பித்தலையும் உடன் தடுத்துவிடுகிறது.

இதனாற் பெரிய பாடசாலைகளுக்குக் கேடில்லை. அவற்றுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. மண்டபம் வேண்டுமெனின் மண்டபம் எழும். முல்லைத்தீவின் உட்கிராமத்துப் பாடசாலைக்கும், 1977 முதல் அரசாங்கம் பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைக்கும் அத்தகைய உறவினர் எவருளர்? புலம்பெயர்ந்தோரின் கொடையை நாம் குறைகூறவில்லை. ஆயினும் கொடை தெரிந்த முகத்தையே நாடிச் செல்லும் என்பது உலக வழக்கு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்து ஆசிரியர் ஒருவர், வகுப்புக்கு வேண்டிய பொருளைப் பொதுமக்களிடம் கேட்டுப் பெறுதற்கென டோனர்ஸ்சூஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதனாற் பயன்பெற்ற வகுப்பறைகள் பல. எனினும் செல்வம் கொழிக்கும் நாட்டின் அரசாங்கப் பள்ளி ஆசிரியர் ஒரு பூதக்கண்ணாடிக்காக ஊராரிடம் விண்ணப்பிப்பது பெருமைக்குரியதா என்ற கேள்வி எஞ்சுகிறது. உரிமையாகக் கிடைக்கவேண்டியதை இரந்து பெறும் நிலை எமக்கு வேண்டாம்.

அயல்நாடான இந்தியா வேறொரு வழியை நாடியது. 2001இல் தொடங்கிய சர்வ சிக்ஷா அபியான் திட்டத்தின் கீழ் ஆசிரியரொருவருக்கு ஆண்டுக்கு 500 இந்திய ரூபா, கற்பித்தற் பொருள்களுக்கென வழங்கப்பட்டது. எண்ணம் சிறந்தது. ஆனால் விலைவாசி ஏற ஏறத் தொகை ஏறவில்லை. பணமும் நிதியாண்டின் பிற்பகுதியிலேயே பல பள்ளிகளை அடைந்தது. ஆண்டு முடிவிற் கைக்கு வரும் காசு கற்பித்தலுக்கு உதவாது, கணக்கை முடிக்கவே உதவும்.

சிறுதொகை என்ன செய்யும் என்று ஏளனஞ் செய்வோருக்கு இரண்டு உதாரணங்கள் கூறுவோம். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளதென ஆய்வாளர் பல்லாண்டுகளாகக் கூறிவருகின்றனர். சுண்ணக்கல் நிலம், தோட்டத்துக்கு இடும் உரமும் மலக்குழிக் கழிவும் தடையின்றி நிலத்தடி நீரிற் கலக்கின்றன. சோதனைத் தாளும் அளவுநாடாவும் கயிறும் இருந்தாற் போதும்; ஒரு வகுப்புப் பிள்ளைகள் இருபது கிணறுகளின் நீரைச் சோதித்து, ஆழம் அளந்து, ஊரின் வரைபடத்திற் குறித்துவிடுவர். தாம் குடிக்கும் நீரைப் பற்றிய அப்பாடத்தை அவர்கள் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்களா?

மலையகத்தைப் பார்ப்போம். 2014 ஒக்ரோபரிற் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவேண்டும் என்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம். அதனை அளப்பது யார்? நேரிய சுவருடைய போத்தலும் அடிமட்டமும் மழைமானியாகும். நாள்தோறும் அதனை வாசித்துக் குறிக்கும் பத்து வயதுப் பிள்ளை கணிதமும் கற்கிறது, தன் லயத்துக்குக் காவலும் இருக்கிறது.

எமது கோரிக்கை இதுதான். ஒரு பக்கத்தில் திட்டமெழுதித் தரும் ஆசிரியர் எவருக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபா வழங்குக. அதிபரின் கையொப்பம் போதும். வலயத்தின் அங்கீகாரம் வேண்டாம். செலவின் பின் பற்றுச்சீட்டுகளும் ஒரு பக்க அறிக்கையும் பெறுக. குயவரிடம் வாங்கிய களிமண்ணுக்கும் மீனவர் கொடுத்த வலைத்துண்டுக்கும் பற்றுச்சீட்டு ஏது? அவற்றுக்கு ஆசிரியரின் எழுத்து மூல உறுதியை ஏற்றுக்கொள்க. நாட்டின் அரசாங்க ஆசிரியர் ஏறத்தாழ இரண்டு இலட்சத்து நாற்பதினாயிரவர். அனைவரும் கேட்டாலும் 240 கோடி ரூபாவே, அனைவரும் கேட்கப்போவதுமில்லை.

காசு களவு போகும் என்பர் கணக்காளர். பொதுப் பரீட்சையின் வினாத்தாட் கட்டையும் விடைத்தாட் கட்டையும் இதே ஆசிரியரை நம்பித்தான் அரசாங்கம் ஒப்படைக்கிறது. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைக்கலாம், பத்தாயிரம் ரூபாவை ஒப்படைக்கலாகாது என்பது என்ன நியாயம்?

கொழும்பின் உத்தரவுக்குக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் மாகாணப் பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பாயின. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும் வடமாகாண சபையின் காலம் 2018இலும் முடிந்தபின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. அக்காலத்திலும் கல்விக்கான ஒதுக்கீடு ஆளுநரின் கீழ்ச் செலவாகியே வந்தது. அவ்வொதுக்கீட்டில் ஒரு துளியை ஒரு வலயத்தில், ஓராண்டுக்குப் பரீட்சித்துப் பார்க்கட்டும். முதலாந் தவணையின் முதல் வாரத்திலேயே பணம் ஆசிரியர் கையை அடையவேண்டும் என்பது ஒன்றே நாம் விதிக்கும் நிபந்தனை.