கல்லூரி வாசலைத் தாண்டக் கூடாத துப்பாக்கி

கல்லூரி மாணவி ஒருத்தி தாக்கப்பட்டாள், மாணவன் ஒருவன் வெட்டுப்பட்டான் என்று செய்தி வந்த மறுநாளே ஆவடிப் பக்கத்து டீக்கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "அமெரிக்காவில் லைசென்ஸ் இருந்தால் காலேஜுக்குள்ளேயே துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு போகலாம். இங்கே மட்டும் ஏன் கூடாது?" 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, நன்றாகப் படித்தவர்களே இப்படிப் பேசக் கேட்டேன். அவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள். மாலை ஆறரைக்கு வர வேண்டிய பிள்ளை ஏழரை ஆகியும் வராவிட்டால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பவர்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு அவர்கள் கேட்கும் மருந்து நோயைவிடக் கொடியது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது 2016 விதிகளில் வந்தது. லைசென்ஸ் கிடைத்த பிறகும் ஒரு நிபந்தனை கூடவே வரும்: தனி அனுமதி இல்லாமல் திருவிழாவுக்கோ மத ஊர்வலத்துக்கோ பொதுக்கூட்டத்துக்கோ கல்வி நிலைய வளாகத்துக்குள்ளோ அந்த ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது. கல்வி நிலையத்துக்கான இந்தக் கடைசித் தடையை எடுத்துவிட வேண்டும் என்பதே கோரிக்கையின் சாரம். அது இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

"வகுப்பில் நல்லவன் ஒருவன் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் கொலைகாரனை அங்கேயே சாய்த்திருப்பான்." இதுதான் அவர்களுடைய தலையாய வாதம். உதாரணம் கேட்டால் வர்ஜீனியா டெக் என்பார்கள். 2007 ஏப்ரல் 16 அன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நம்மவர்: கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போய் அங்கே நீரியல் கற்பித்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார். அந்த வளாகத்தில் துப்பாக்கிக்குத் தடை இருந்தது உண்மைதான். ஆனால் கொலைகாரன் வைத்திருந்த இரண்டு கைத்துப்பாக்கிகளும் காசு கொடுத்து, கேட்ட தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கியவை. அவனால் அவன் உயிருக்கே ஆபத்து என்று 2005 டிசம்பரிலேயே ஒரு நீதிமன்றம் சொல்லி, சிகிச்சைக்கும் உத்தரவிட்டிருந்தது. அப்படியிருந்தும் விற்பனை தடையில்லாமல் நடந்தது. வாசல் அவ்வளவு அகலமாகத் திறந்திருந்ததால் நடந்த கொலைக்கு, இன்னும் ஒரு வாசலைத் திறந்துவிடுங்கள் என்பது என்ன நியாயம்?

அன்று லோகநாதன் வகுப்பெடுத்த அதே நாரிஸ் ஹாலில் உயிரைக் காத்தது எது என்பதையும் பார்க்க வேண்டும். 205ஆம் எண் அறை மாணவர்கள் ஒரு பெரிய மேசையைக் கதவோடு சேர்த்துத் தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கதவை முட்டினான், கதவு வழியே சுட்டான், உள்ளே வர முடியவில்லை. அந்த அறையில் ஒருவருக்கும் காயமில்லை. இன்னொரு அறையில் 76 வயதுப் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவை அடைத்து நின்றார். மாணவர்கள் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள், அவர் தன் உயிரைக் கொடுத்தார். இது அந்த ஓர் இடத்தில் மட்டும் நடந்த அதிசயமும் அல்ல. 2000 முதல் 2013 வரை அமெரிக்காவில் நடந்த இப்படிப்பட்ட 160 துப்பாக்கிச்சூடுகளை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. போலீஸ் அல்லாத ஆயுதம் தாங்கியவர்கள் எதிர்த்துச் சுட்டதால் முடிந்தவை 5. வெறுங்கையோடு பாய்ந்து பிடித்ததால் முடிந்தவை 21.

வளாகத்தில் துப்பாக்கி இருந்த இடத்தில் என்ன நடந்தது? 2015 அக்டோபர் 1 அன்று ஆரிகன் மாநிலத்து உம்ப்குவா கல்லூரியில் 9 பேர் கொல்லப்பட்டபோது, லைசென்ஸ் துப்பாக்கியோடு ஒரு முன்னாள் ராணுவத்தார் அதே வளாகத்தில் மாணவராக இருந்தார். அவர் போகவில்லை. போலீஸ் வந்தால் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிடுவார்களே என்று யோசித்து நின்றுவிட்டதாக அவரே சொன்னார். கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். போர்ப் பயிற்சி பெற்ற மனிதரின் சரியான கணக்கு அது. கூச்சலும் ஓட்டமுமாக இருக்கும் வராந்தாவில் துப்பாக்கி ஏந்திய மூன்று பேரில் நல்லவர் யார் என்று ஓடிவரும் காவலருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது: "பெண்பிள்ளைகளுக்காவது கொடுங்கள்." இந்த எண்ணத்துக்கு அரசாங்கமே ஒருமுறை தீனி போட்டது. டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், 2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற அரைக் கிலோ எடை ரிவால்வரைக் கொண்டுவந்தது. விலை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். ஆவடியிலிருந்து பாஸ் எடுத்து ரயிலில் கல்லூரிக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கு அது எட்டும்? விலையை விடுங்கள். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் பாதிக்கப்பட்டவர் இரண்டாம் ஆண்டு மாணவி. 21 வயது என்ற வரம்பு அவருக்கு லைசென்ஸே தந்திருக்காது. அந்த வயது வரம்பையும் குறை என்பார்களோ? அன்று குற்றவாளி அவரை அடக்கியது, தான் எடுத்த வீடியோவைக் காட்டுவேன் என்ற மிரட்டலால். வெளியாள் ஒருவன், ஏற்கெனவே வழக்குகள் உள்ளவன், இரவில் வளாகத்துக்குள் தன் வீட்டு முற்றம் போல நடமாட முடிந்ததுதான் அங்கே கேள்வி. கேமராவும் விளக்கும் காவலும் செய்ய வேண்டிய வேலையை ஒரு சின்னப் பெண்ணின் கைப்பைக்கு மாற்றிவிடப் பார்க்கிறது இந்த வாதம். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்குத் தண்டனைக் குறைப்பில்லாமல் 30 ஆண்டு சிறையோடு ஆயுள் தண்டனை கொடுத்தது. வழக்கு ஐந்தே மாதத்தில் அந்த இடத்துக்கு வந்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்ட பெண் துணிந்து புகார் கொடுத்ததுதான்.

இன்னொன்றும் உண்டு. நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். கூடப் படிப்பவன், சொந்தக்காரன், பழகியவன். 2018 மார்ச்சில் கே.கே. நகரில் கல்லூரி வாசலில் குத்திக் கொல்லப்பட்ட மதுரவாயல் மாணவி, தன்னைத் தொடர்ந்தவன்மேல் முன்பே போலீஸில் புகார் சொல்லியிருந்தார். வளாகத்தில் ஆயுதம் வந்தால் அது முதலில் இப்படிப்பட்டவன் கைக்குத்தான் போகும். 2023 மே 18 அன்று கிரேட்டர் நொய்டாவின் ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் உடன் படித்த பெண்ணைச் சாப்பாட்டுக் கூடத்தின் அருகே சுட்டுக் கொன்றுவிட்டு, விடுதிக்குப் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டான். மறைத்து வைத்த கைத்துப்பாக்கி கல்லூரிக்குள் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

"அது நாட்டுத் துப்பாக்கி. ரவுடி சட்டத்தையா பார்க்கிறான்?" என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் நம் ரயிலிலேயே இருக்கிறது. காலை எட்டு மணிக்கு இந்து காலேஜ் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். திருத்தணியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வரும் மின்சார ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு பெட்டி முழுக்க ஒரு கல்லூரிப் பையன்கள், தட்டிக்கொண்டும் பாடிக்கொண்டும். அடுத்த ஸ்டேஷனில் இன்னொரு கல்லூரி. பைகள் எல்லாம் மேலே தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது யாருடையது என்று இறங்கும்போதுதான் தெரியும். எந்தத் தடத்துக்கு எவன் தலைவன் என்ற 'ரூட்டு தல' சண்டை இந்தப் பெட்டிகளிலும் பஸ்களிலும்தான் வளர்ந்தது. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் 29இ பஸ்ஸை மறித்துப் பட்டாக்கத்தியால் வெட்டினார்கள், வெட்டுப்பட்டவர்கள் பிழைத்தார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே அடிபட்ட மாநிலக் கல்லூரி மாணவர் பிழைக்கவில்லை. கையும் கத்தியுமே இவ்வளவு செய்கின்றன. அந்தத் தட்டில் கிடக்கும் பைகளில் இரண்டில் ரிவால்வர் இருந்தால் அம்பத்தூர் வருவதற்குள் எத்தனை பேர் விழுவார்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நம் பையன்கள் கத்தியோடு நின்றதற்குக் காரணம் அவர்களின் நல்ல குணம் அல்ல. இங்கே துப்பாக்கி அரிது. 2016 இறுதியில் தமிழ்நாட்டில் இருந்த லைசென்ஸ்கள் 22,532. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 12.77 லட்சம். மக்கள்தொகையில் அவர்கள் நம்மைப்போல் மூன்று மடங்கு. லைசென்ஸில் ஐம்பது மடங்குக்கும் மேல். அங்கே 2019 ஏப்ரல் மாதம் ஒன்றில் மட்டும் பனாரஸ் இந்து பல்கலைக்கழக விடுதி வாசலில் ஓர் இளைஞரும், அலகாபாத் பல்கலைக்கழக விடுதியில் ஓர் இளைஞரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டுத் துப்பாக்கியை எந்தப் பட்டறையிலும் அடித்துவிடலாம். தோட்டா பெரும்பாலும் தொழிற்சாலையில் பிறந்து லைசென்ஸ் கணக்கிலிருந்துதான் கசிகிறது. துப்பாக்கியும் அப்படித்தான் கைமாறும்: 2025 ஏப்ரலில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரைக் கொன்ற மாணவனிடம் இருந்தது, காவல்துறையில் வேலை பார்த்த அவனுடைய மாற்றாந்தாயின் கைத்துப்பாக்கி.

ஆவடிக்கென்றே ஒரு வாதம் இருக்கிறது. "இது ராணுவ ஊர். டாங்க் செய்கிறோம், விமானப்படை இருக்கிறது, சி.ஆர்.பி.எஃப். இருக்கிறது, சிறப்புக் காவல் படை இருக்கிறது. எங்களுக்குத் துப்பாக்கி புதிதா? ஓய்வுபெற்ற ஹவில்தார்கள் கல்லூரிக் காவலுக்கு நிற்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்." இதைப் பெருமையோடு சொல்கிறார்கள், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் அந்தப் படைகள் துப்பாக்கியை எப்படி நடத்துகின்றன என்று அந்த ஹவில்தாரையே கேளுங்கள். டியூட்டிக்குப் போகும்போது பதிவேட்டில் எண் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். முடிந்ததும் குழலைப் பத்திரமான திசைக்குத் திருப்பி, காலி என்று காட்டி, திரும்ப ஒப்படைக்க வேண்டும். சுடுதளத்தில் சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாக் கூடுகளைக்கூட மண்ணில் தேடிப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். வருடக்கணக்காகப் பயிற்சி பெற்றவனையே இவ்வளவு கட்டிப்போட்டு வைத்திருக்கும் பொருளை, ஒரு சான்றிதழ் வகுப்பை முடித்தவர் டிபன் பாக்ஸோடு பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வரலாம் என்கிறார்கள்.

வந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் துப்பாக்கியை அனுமதிக்கும் சட்டம் 2014 ஜூலையில் அமலுக்கு வந்தது. செப்டம்பரிலேயே ஒரு வேதியியல் உதவிப் பேராசிரியரின் கால்சட்டைப் பையிலிருந்த கைத்துப்பாக்கி தானாக வெடித்து, நிறைந்த வகுப்பில் அவர் பாதத்தையே துளைத்தது. டெக்சாஸில் அதே போன்ற சட்டம் 2016 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. அடுத்த மாதமே டார்ல்டன் பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவரின் துப்பாக்கி தவறி வெடித்தது. டெக்சாஸைக் காட்டுகிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று: அந்தச் சட்டம் தனியார் பல்கலைக்கழகங்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்றது. ரைஸ், பெய்லர் உட்படக் கிட்டத்தட்ட எல்லாத் தனியார் பல்கலைக்கழகங்களும் விலகிக்கொண்டன. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள்.

நமக்கும் வளாகத்தில் கொலை நடந்திருக்கிறது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். தமிழ்நாடு அடுத்த ஆண்டே ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஜூனியர்களுக்குத் தற்காப்பு ஆயுதம் கொடுங்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்றும் கேட்க வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: ஸ்டேஷனிலிருந்து கல்லூரி வரை விளக்கு, காலை ரயிலில் ரயில்வே போலீஸ், உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் என்று பெயரோடு ஒட்டப்பட்ட பலகை, புகார் கொடுத்த அன்றே நடவடிக்கை, முழுநேர மனநல ஆலோசகர்.

கடைசியாகச் சொன்னதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. "போலீஸ் விசாரித்து, நல்ல மனநிலையில் இருப்பவருக்குத்தானே லைசென்ஸ் கொடுக்கிறார்கள்" என்பது அவர்களின் கடைசி வாதம். விசாரணை நடக்கும் நாளில் மனம் நன்றாக இருக்கலாம். அரியர் விழுந்த நாளில், ஃபீஸ் கட்டச் சொல்லி மூன்றாவது முறை அழைத்த நாளில், காதல் முறிந்த இரவில் எப்படி இருக்கும்? 2022இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அதிகம் நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாத்திரையை விழுங்கிய பிள்ளையை ஆட்டோவில் போட்டுக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஓட நேரம் இருக்கிறது. விழுங்கிய பிள்ளைக்கே பயம் வந்து அறைத் தோழனை எழுப்புவதும் உண்டு. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு எட்டொன்பது பேர் பிழைப்பதில்லை என்கின்றன அமெரிக்க ஆய்வுகள். அந்த எழுப்புகிற நேரத்தை இல்லாமல் செய்துவிடும் பொருளை விடுதி அலமாரியில் வைக்கச் சொல்கிறவர்கள், அதற்கு முன் நம் வட்டாரத்து விடுதி வார்டன் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும்.