ஒட்டுப் போட்டால் போதுமா?

நண்பர்களே, "ஓடுகிறதல்லவா? பிறகென்ன!" என்னும் சொல்லை நம் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் கேட்கிறோம். சென்ற பருவத்தில் நானும் அதைச் சொன்னேன். சொன்னது தவறு என்று உணர்ந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் துறையில் மாணவர்கள் ஆண்டுதோறும் வளர்த்துவந்த சிறிய நிரல்தளம் ஒன்று உண்டு. அது லினக்ஸ் இயக்குதளத்தில் பிறந்து வளர்ந்தது. அதை ஃபிரீபிஎஸ்டி என்னும் வேறோர் இயக்குதளத்திற்குக் கொண்டுசெல்லும் பணி எனக்கு வாய்த்தது. கணக்கிடும் பகுதியும் கோப்புகளைக் கையாளும் பகுதியும் இரண்டு வாரத்தில் குடியேறிவிட்டன. வலைத்தொடர்புப் பகுதிதான் வம்பு செய்தது. ஒரே கணினிக்குள் சோதித்தால் பெரும்பாலும் சரியாக நடக்கும். வேறு கணினியிலிருந்து தொடர்பு கொண்டாலோ, இணைப்பு கிடைத்த உடனே அறுந்துபோகும்.

நான் என்ன செய்தேன்? இணைப்பை ஏற்றபின் அரை விநாடி காத்திருந்து படிக்கும்படி ஒரு வரியைச் சேர்த்தேன். சோதனைகள் எல்லாம் தேறின. "ஓடுகிறதல்லவா?" என்று கூறி ஒப்படைத்தும் விட்டேன்.

சில நாள் கழித்துப் பக்கத்து ஆய்வுக்கூடத் தோழி ஒருவர் வந்தார். மூன்று இரவுகள் விழித்து எடுத்த வெப்பநிலை அளவுகளில் பாதி வந்து சேரவில்லை என்றார். அவருடைய கருவி ஒவ்வோர் அளவுக்கும் புதிதாக இணைப்புக் கேட்கும், மெதுவாகப் பேசும். அரை விநாடிக்குள் அது பேசாதபோதெல்லாம் என் நிரல் கதவை அடைத்துவிட்டிருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "என் கருவியில்தான் பழுதோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது.

அதன் பிறகே காரணத்தைத் தேடினேன். கணினிகள் பேசிக்கொள்ளும் வாயிலாகிய சாக்கெட் என்னும் அமைப்பு, பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டியின் வழியாகப் பரவியது. இன்று இயக்குதளங்கள் பலவும் அதனையே தழுவி நிற்கின்றன. ஆயினும் பெயர் ஒன்றாக இருப்பதால் பழக்கமும் ஒன்றாகிவிடுமா? அழைப்பைக் கேட்டிருக்கும் சாக்கெட்டைக் 'காத்திராதே' என்னும் நிலையில் வைத்தால், அதன்வழி வரும் புதிய இணைப்புக்கும் அந்நிலையை ஃபிரீபிஎஸ்டி வழங்கிவிடுகிறது, லினக்ஸ் வழங்குவதில்லை. ஆகவே லினக்ஸில் படிக்கச் சொன்னால் செய்தி வரும்வரை நிரல் காத்திருக்கும். ஃபிரீபிஎஸ்டியில் "இப்போது ஒன்றுமில்லை" என்ற விடை உடனே வரும். எங்கள் நிரல்தளம் அந்த விடையைப் பிழை என்று கொண்டு இணைப்பை முறித்தது. ஒரே கணினிக்குள் செய்தி முந்திக்கொண்டு வந்துவிடுவதால் நோய் மறைந்திருந்தது.

மருந்து ஒரே வரிதான்: ஏற்ற இணைப்பு எந்நிலையில் இருக்கவேண்டும் என்பதை நாமே வெளிப்படையாக அமைத்துவிடுவது. இந்நிலை வழிவழியாக வரும் என்றோ வராது என்றோ நம்பியிருக்கக்கூடாது என்று லினக்ஸின் கையேடே எச்சரிக்கிறது. அப்படியானால் பிழை ஃபிரீபிஎஸ்டியுடையதன்று. தொடக்கம் முதலே எங்கள் நிரலுக்குள் உறங்கிக்கிடந்தது.

இத்தகையவை இன்னும் பல. ஐபிவி6 சாக்கெட்டைத் திறந்து வைத்தால், ஐபிவி4 அழைப்பையும் லினக்ஸ் இயல்பாக ஏற்கும்; ஃபிரீபிஎஸ்டி நாம் சொன்னால் ஏற்கும்; ஓபன்பிஎஸ்டி சொன்னாலும் ஏற்காது. விண்டோஸிலோ, கோப்பை மூடுவதுபோல் சாக்கெட்டை மூட முடியாது. அதற்குத் தனி ஆணை வேண்டும்.

"எல்லாரும் லினக்ஸில் இருக்க, வேறிடம் எதற்கு? வீண் வேலை!" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். வேறிடம் சென்றதால்தான் வீட்டிலிருந்த குறை தெரிந்தது என்பதே என் விடை. நாம் இவ்வூர் வந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு கேட்டால் சோறு வரும் என்று எண்ணியிருந்தோம். தட்டில் ரொட்டி வந்தது. குற்றம் ரொட்டியினுடையதா? சோறு வேண்டும் என்று நாம் வாய்திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். நம் ஊர் வழக்கத்தை உலக வழக்கம் என்று எண்ணியிருந்ததை இந்த ஊரல்லவா நமக்குக் காட்டிக்கொடுத்தது?

ஆகவே நண்பர்களே, நிரலை இடம் மாற்றும்போது சோதனை தோற்றால், அதன் வாயை அடைக்காதீர்கள். காத்திருக்கும் வரியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும்போதே ஐயப்படுங்கள். காரணம் தெரியும்வரை திருத்தியதாகச் சொல்லாதீர்கள்; தெரிந்தபின், அடுத்து வருபவருக்காக அதை எழுதி வையுங்கள்.

தோழியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடியும் மூன்று இரவுகள் விழித்தார். நான் சேர்த்தது அரை விநாடி. அவர் இழந்தது மூன்று இரவு.