கேள்விக்கு அஞ்சாத விசுவாசம்

"வேதத்தை ஆராய்வது வேதத்தை அவமதிப்பதாகாதா?" என்று கேட்போர் எல்லா மதங்களிலும் உண்டு. கிறிஸ்தவர்களிடையே இக்கேள்வி சற்று அழுத்தமாகவே எழுவதுண்டு. விசுவாசமே அவர்களுக்கு முதற் கடமையன்றோ? ஆனால் அவர்களுடைய வேதமே இதற்கு ஒரு விடை தந்திருக்கிறது. பவுல் அப்போஸ்தலர் பெரோயா என்னும் பட்டணத்தில் உபதேசம் செய்தார். அவ்வூரார் ஆவலோடு கேட்டார்கள். கேட்டதோடு நின்றுவிடாமல், அவர் கூற்றைத் தங்கள் வேத நூல்களோடு நாள்தோறும் ஒத்துப் பார்த்தார்கள். 'அப்போஸ்தலர் நடபடிகள்' என்னும் நூலை எழுதியவர் இதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய நற்குணத்தைப் புகழ்ந்தே பேசுகிறார்.

ஆராய்வது நன்று என்று சொல்லுதல் யாவர்க்கும் எளிது. ஆராய்ச்சியின் முடிவு நாம் நெடுங்காலம் போற்றிவந்த எண்ணத்துக்கு மாறாக வந்துவிட்டால் என்ன செய்வது? அப்போதுதான் திறந்த மனம் என்பது வாய்ப்பேச்சா, உள்ளத்தின் இயல்பா என்பது தெரியவரும். இச்சோதனைக்கு உள்ளான ஒருவருடைய வரலாற்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

ஜான் வில்லியம் கொலென்ஸோ 1814-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கார்ன்வால் ஜில்லாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதத்தில் இரண்டாவதாகத் தேறியவர். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து அவர் எழுதிய கணித நூல்கள் இங்கிலாந்தெங்கும் மாணவர் கையில் புழங்கின. 1853-ல் அவர் தென் ஆப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு பிஷப்பாக நியமனம் பெற்றார். நேட்டால் நம்மவர்க்குப் புதிய பெயரன்று. 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று இறக்கியது அக்கரையில்தான்.

கொலென்ஸோ தம் கடமையை மொழியிலிருந்து தொடங்கினார். ஜூலு பாஷையைக் கற்றார். அதற்கு இலக்கணம் எழுதினார். 1861-ல் அகராதியும் வெளியிட்டார். பிறகு வேதாகமத்தை ஜூலு மொழியில் பெயர்க்கலானார். அவ்வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர் வில்லியம் இங்கிடி என்னும் ஜூலு கிறிஸ்தவர். ஆதியாகமத்தில் ஜலப்பிரளயக் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கையில் இங்கிடி பிஷப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் மெய்யாகவே நடந்ததா? உலகத்திலுள்ள மிருகங்களும் பறவைகளும் ஊர்வனவும் ஜோடி ஜோடியாக வந்து ஒரே பேழைக்குள் புகுந்தன என்பதைத் தாங்கள் நம்புகிறீர்களா?" அவர் கேட்டதன் கருத்து இதுவே.

மற்றொரு நாள் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் வந்தது. எஜமானன் அடித்த அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து பின்பு இறந்தால், எஜமானனுக்குத் தண்டனையில்லை. அடிமை அவனுடைய பணந்தானே என்று அங்கே ஒரு சட்டம் காணப்படுகிறது. எல்லோருக்கும் தந்தையாகிய கருணைக் கடவுள் இவ்வாறு சொல்லியிருப்பாரா என்று ஜூலு நண்பரின் நெஞ்சம் கொதித்ததைக் கொலென்ஸோவே எழுதி வைத்திருக்கிறார்.

அன்று பிஷப்புக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. "இதெல்லாம் உனக்கு விளங்காது, நம்பு" என்று அதட்டியிருக்கலாம். அவர் வெள்ளையர், குரு, பிஷப். கேட்டவரோ கறுப்பர், சீடர். அதட்டலுக்கு அந்நாட்டில் தடையேதும் இல்லை. ஆனால் கொலென்ஸோ பூகர்ப்ப சாஸ்திரம் படித்தவர். உலகம் முழுவதையும் மூடிய பிரளயம் ஒன்று அவ்வாறு நிகழ்ந்திருக்க முடியாதென்பது அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டு, தெரியாதவர் போல் விடை சொல்வதா? கர்த்தருடைய பெயரால் பொய் பேசுவோரைக் கண்டிக்கும் சகரியாவின் வாக்கு அவர் நினைவுக்கு வந்தது. அந்தப் பாவத்தைச் செய்ய அவர் துணியவில்லை. இரண்டாவது வழியாகிய ஆராய்ச்சியை மேற்கொண்டார்.

அதன் பயனாக 1862-ல், மோசேயின் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவின் புஸ்தகத்தையும் பரிசோதிக்கும் நூலின் முதற் பாகம் வெளிவந்தது. 1879-ல் ஏழாம் பாகத்தோடு அது நிறைவெய்தியது. முதற் பாகத்தில் பேசுபவர் கணித ஆசிரியர். அவருடைய முறைக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். வனாந்தரத்தில் இருபது வயதுக்கு மேற்பட்ட இஸ்ரவேல் ஆடவர் 6,03,550 பேர் என்று எண்ணாகமம் கூறுகிறது. அதே நூலில், ஒரு மாதக் குழந்தை முதலாக எண்ணப்பட்ட தலைச்சன் ஆண்பிள்ளைகள் 22,273 பேர் என்றும் காண்கிறோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஈவு 27. அப்படியானால் ஒரு தலைச்சனுக்கு, வயது வந்த ஆடவர் மட்டுமே 27 பேர் ஆகிறார்கள். சிறுவர்களையும் சேர்த்தால் ஒவ்வொரு தாயும் அதற்கும் மேற்பட்ட ஆண்மக்களைப் பெற்றிருக்க வேண்டும்! நாலாம் வகுப்பு மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஆயினும் நூற்றாண்டுக் கணக்காக அந்த ஆகமத்தை ஓதிவந்தவர்களில் மிகப் பலர் இதைப் போட்டுப் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. ஜூலுவை மனம் திருப்பப் போன பிஷப்பை ஒரு ஜூலு மனம் திருப்பிவிட்டான் என்று பரிகாசம் செய்தார்கள். கறுப்பர் ஒருவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கவும் கூடும் என்ற எண்ணமே பரிகசித்தவர்களுக்குத் தோன்றவில்லை. கேள்வியை எடைபோட வேண்டிய தராசில் அவர்கள் கேட்டவரை வைத்து நிறுத்தார்கள்.

கேப் டவுன் மேற்றிராணியாராகிய ராபர்ட் கிரே 1863-ல் விசாரணை நடத்தி, கொலென்ஸோவைப் பதவியிலிருந்து நீக்கினார். கொலென்ஸோ லண்டன் பிரிவி கௌன்ஸிலிடம் முறையிட, கிரேயின் தீர்ப்பு சட்டப்படி செல்லாதென்று 1865-ல் முடிவாயிற்று. மறு ஆண்டில் கிரே அவரைச் சபைப் பிரஷ்டம் செய்தார். ஆயினும் 1883-ல் இறக்கும்வரை கொலென்ஸோ தம் பணியை விட்டு அகலவில்லை.

கிரேயையும் நாம் எளிதில் இகழ்ந்துவிடலாகாது. ஒரு கல்லைப் பிடுங்கினால் கோபுரமே சரிந்துவிடுமோ என்று அவர் உண்மையாகவே அஞ்சினார். அந்த அச்சம் இன்றும் பக்தியுள்ள பல வீடுகளில் இருக்கிறது. அதற்கு மரியாதையோடு விடை கூற வேண்டும். கொலென்ஸோவின் வாழ்க்கையே அவ்விடை என்பது என் அபிப்பிராயம்.

முதலாவதாக, தம் சொந்த முடிவுகளையும் அவர் அசைக்கலாகாத வேதமாக்கிக்கொள்ளவில்லை. ஆசாரியர்களுக்குரிய சட்டங்கள் எக்காலத்தவை என்பது பற்றி முற்பாகங்களில் கொண்டிருந்த கருத்தை, மேலும் ஆராய்ந்தபின் பிற்பாகத்தில் தாமே மாற்றிக்கொண்டார். ஹாலந்து தேசத்துப் பேரறிஞர் கியூனென், கொலென்ஸோவின் கணக்குகளே தம்மை மறுபடி சிந்திக்கச் செய்தன என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறர் நம்பிக்கையைச் சோதிப்பவன் தன் சந்தேகத்தையும் சோதிக்க வேண்டும். இல்லாவிடில் ஒரு பிடிவாதத்தை விட்டு மற்றொரு பிடிவாதத்தில் குடியேறியவனே ஆவான்.

இரண்டாவதாக, எண்ணிக்கைகள் தவறினவென்று அவர் வேதத்தின் கட்டளையைக் கைவிட்டாரா? 1873-ல் நேட்டால் அரசாங்கம் ஹ்லூபி இனத்தலைவர் லங்காலிபலேலேயைப் பிடித்து, பெயரளவில் ஒரு விசாரணை நடத்தி, நாடு கடத்தியது. அவருக்காக வாதாடக் கொலென்ஸோ 1874-ல் லண்டன் வரை சென்றார். இதனால் நெடுங்கால நண்பராகிய ஷெப்ஸ்டன் என்னும் அதிகாரியை இழந்தார். சபை வழக்கில் தம் பக்கம் நின்ற வெள்ளைக் குடியேறிகளின் ஆதரவையும் இழந்தார்.

1879 ஜனவரியில் இஸாண்டில்வானா என்ற இடத்தில் ஜூலுப் படை பிரிட்டிஷ் சேனையை முறியடித்தது. குடியேறிகள் பழி வாங்கத் துடித்தார்கள். மார்ச்சு மாதத்தில் பிரசங்க பீடம் ஏறிய கொலென்ஸோ, மீகா தீர்க்கதரிசியின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். நியாயம் செய், இரக்கத்தை நேசி, கடவுளுக்கு முன் தாழ்மையாக நட என்பது அதன் சாரம். பிறகு, ஜூலுக்களிடம் நாம் இவற்றுள் எதைச் செய்தோம் என்று தம் இனத்தாரையே கேட்டார். ஜூலுக்கள் அவரை 'ஸோபாண்டு', அதாவது மக்களின் தந்தை, என்று அழைத்தார்கள். வேதத்தின் எண்களை ஐயுற்றவர் இவர். அதன் நீதியை ஐயுறவில்லை.

நம் இல்லங்களுக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. மாலையில் வீட்டார் கூடி வேதம் வாசிக்கும்போது, குழந்தை ஒன்று "இது எப்படி, அப்பா?" என்று கேட்கும். வாயை அடைத்தால் கேள்வி போய்விடாது. உள்ளே சென்று ஒளிந்துகொள்ளும். அக்குழந்தை வளர்ந்தபின் வேதத்தையும் விட்டுவிடும். வாயை அடைத்தவரிடம் மனம் விட்டுப் பேசுவதையும் விட்டுவிடும். "வா, இருவரும் பார்ப்போம்" என்று புஸ்தகத்தை மறுபடி திறப்பதே நலம். அந்த நூல் எக்காலத்தில், யாருக்காக எழுந்தது, முன்னும் பின்னும் என்ன சொல்கிறது என்று பொறுமையாகத் தேடலாம். விடை அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். பெற்றோரும் பிள்ளையும் உண்மையை நாடி ஒரே பக்கத்தில் குனிந்திருப்பது நிச்சயம்.

சத்தியமே கடவுள் என்று நம்புகிறவனுக்குச் சத்தியத்தைத் தேடுவதில் என்ன பயம்? கேட்டவர் சிறியவரா, பெரியவரா, எந்நிறத்தவர் என்று பாராமல் கேள்வியை வரவேற்கும் மனமே உறுதியான விசுவாசத்துக்கு அடையாளம்.