காட்டுத் தீயும் கல்லூரிச் சாலையும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டுவிட்டால், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குடியிருக்கும் நம்மைப் போல வானிலை விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள் அதிகம் பேர் இருக்க முடியாது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை விடாமல் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது; கடலிலிருந்து ஏறிவரும் மேகம் திருவான்மியூரைக் கடந்துவிட்டதா, பள்ளி விடும் நேரத்துக்குள் பாண்டி பஜாரை எட்டுமா என்று ராடார்ப் படத்தைக் கைப்பேசியில் பார்த்துச் சொல்லக்கூடியவர் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். இதே தமிழ்நாட்டில், மாசி மாதத்து வெயிலில், மலைச்சரிவில் காய்ந்து நிற்கும் புல்லுக்குத் தம் கையாலேயே தீ வைக்கவேண்டிய கடமையுடைய வனக்காப்பாளருக்கு, அந்தச் சரிவில் அடுத்த நான்கு மணி நேரம் காற்று எப்படி வீசும் என்று இணையத்தில் கேட்டு, வேளை தவறாமல் பதில் பெறும் வழி அன்றாட நடைமுறையாக இன்னும் அமையவில்லை. அது அமைய வேண்டும் என்பதும், அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு சென்னைவாசிகளாகிய நமக்கும் உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

வனத்துறையே காட்டுக்குத் தீ வைப்பதா என்று சிலர் திகைக்கக்கூடும். முதுமலை போன்ற காடுகளில், கோடை முற்றுவதற்கு முன்பே, சாலைகளின் இருமருங்கிலும் வன எல்லைகளிலும் உள்ள புல்லையும் புதரையும் வெட்டிக் காயவிட்டு, ஒரு நீண்ட பட்டையாக எரித்துவிடுவது பழைய வழக்கம். பின்னால் எங்கிருந்தாவது காட்டுத் தீ பரவி வந்தால், அந்தக் கருகிய பட்டையில் எரிவதற்கு ஒன்றும் இல்லாமல் அது அங்கேயே அடங்கும் என்பது இதன் தத்துவம். தீத்தடுப்புக் கோடு என்று இதற்குப் பெயர். தீக்காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் பச்சைத் தழைக் கொத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க, ஒருவர் காற்றுக்கு எதிர்முகமாகத் தீயைத் தொட்டு வைத்துக்கொண்டே போவார். தீ தாழ்ந்து ஊர்ந்து வரும். கோட்டைத் தாண்ட எழும் நாக்குகளை மற்றவர்கள் தழையால் அடித்து அணைப்பார்கள். பனி ஈரம் உலர்வதற்கு முன் மூட்டினால் பிடிக்காது. வெயில் ஏறியபின் மூட்டினால் அடங்காது. நடுவே கிடைக்கும் சொற்ப நேரத்தில் காற்று திசைமாறிவிட்டாலோ, காவலுக்காக மூட்டிய தீயே காட்டை விழுங்கப் புறப்பட்டுவிடும்.

இந்த அபாயம் மலைவாசிகளுக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணியிருந்த காலம் 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைப் புல்வெளித் தீ பிற்பகலில் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாண்டவர்களில் பலர் சென்னையில் வேலை பார்த்த இளம்பெண்கள். அரசு விசாரணை நடந்தது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அவ்வாண்டிலேயே வந்தன. அனுமதி பெற்றார்களா, வழி தவறினார்களா என்றெல்லாம் பல நாள் பேசினோம். அந்தச் சரிவின் காற்றைப் பற்றி மட்டும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை.

மலையின் காற்று சமவெளியின் காற்றைப் போன்றதன்று. வெயில் ஏறஏறச் சரிவின் நிலம் சூடாகி, அதையொட்டிய காற்று மேல்நோக்கி நகர்கிறது; மாலையில் நிலம் குளிர்ந்ததும் அதே காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. தீயும் இயல்பாகவே மேட்டை நோக்கி விரைவது. தனக்கு மேலுள்ள புல்லைத் தன் வெப்பத்தாலேயே உலர்த்தி வைத்துக்கொண்டு ஏறுவது. இவ்விரண்டும் ஒரே பிற்பகலில் சேர்ந்துகொண்டால், புல் மண்டிய செங்குத்துச் சரிவில் மனிதன் ஓடித் தப்புவது அரிது. தேனி மாவட்டத்துக்கு வறண்ட வானிலை என்ற அறிவிப்பில் இதில் ஒன்றுமே அடங்காது. 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பாரத் முன்னறிவிப்பு முறை, முன்னறிவிப்புக்காக நிலத்தைப் பிரிக்கும் கட்டத்தை 12 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகச் சுருக்கியிருக்கிறது. இது நம் விஞ்ஞானிகளின் பெரிய சாதனை. ஆனால் 8,000 அடியை நெருங்கும் கொழுக்குமலையைப் போன்ற இடத்தில், அந்த 6 கிலோமீட்டருக்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் ஒருசேர அடங்கிவிடலாம். கட்டத்தின் சராசரியை எடுத்து, இன்ன சரிவு, இன்ன முகம், இன்ன நேரம் என்று பிரித்துச் சொல்வதற்கு அனுபவமுள்ள ஒரு வானிலையாளரின் சிந்தனை வேண்டும். அவருக்கு அந்த இடத்தை இன்னதென்று சொல்லிக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிக் கேட்பது நெடுங்கால வழக்கம். எரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி, தேசிய வானிலைச் சேவையின் இணையப் படிவத்தில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, அடிவாரத்தின் உயரம், உச்சியின் உயரம், சரிவு நோக்கும் திசை, எரியப்போவது புல்லா சருகா மரமா, எத்தனை மணிக்கு மூட்டப்போகிறார் என்பவற்றை நிரப்பி, அவ்விடத்தில் தாமே அளந்த வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றையும் சேர்த்து அனுப்புகிறார். அப்பிரதேசத்து வானிலை அலுவலகத்தில் பணியிலிருப்பவர் அந்த ஒரு சரிவுக்கென்றே முன்னறிவிப்பு எழுதித் திருப்புகிறார். புகை எவ்வளவு உயரம் எழும்பிக் கலையும் என்பதும் அதில் வரும். எரிப்பவர் நேரில் கண்டதைப் பின்னர் எழுதி அனுப்பினால், அடுத்த முன்னறிவிப்பு இன்னும் திருத்தமாகிறது.

இந்த ஏற்பாட்டால் அங்கே விபத்தே ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நியூ மெக்சிகோவில் 2022 ஏப்ரல் 6-ஆம் தேதி வன அதிகாரிகளே திட்டமிட்டு மூட்டிய தீ கைமீறி, இன்னொரு தீயுடன் கலந்து, அம்மாநிலம் கண்ட மிகப் பெரிய காட்டுத் தீயாகி, மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அதன்பின் அமெரிக்க வனத்துறை தன் எரிப்புப் பணிகள் அனைத்தையும் 90 நாட்கள் நிறுத்திவைத்து ஆராய்ந்தது. அதைவிட என்னை வருத்துவது 1994 ஜூலை 6-ஆம் தேதி கொலராடோ மாநிலத்தில் நடந்தது. குளிர்காற்று முகப்பு ஒன்று வருகிறது, காற்று கடுமையாகும் என்று வானிலை அலுவலகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. சரிவில் நின்று தீயுடன் போராடிய குழுவினருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பதினான்கு பேர் மாண்டார்கள்.

நமக்குத்தான் செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள் கண்ட தீயைக் குறுஞ்செய்தியாக வனத்துறையினருக்குத் தெரிவித்துவருகிறது. 375 மீட்டர் நுட்பம் வரை அந்தக் கண்கள் பார்க்கின்றன. மிக உபயோகமான காரியம். ஆயினும் அது மூண்டுவிட்ட தீயைப் பற்றிய தகவல். அதுவும் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும் சில வேளைகளில் கிடைப்பது. எந்தெந்தப் பிரதேசத்தில் தீ மூளக்கூடும் என்று அந்நிறுவனம் வெளியிடும் முன்னெச்சரிக்கையோ, பரந்த நிலப்பரப்பைப் பற்றியது. தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது மூட்டலாமா, நாளைக்குத் தள்ளிப்போடலாமா என்று தவிப்பவருடைய கேள்விக்கு இவை பதிலாகா.

காட்டில் தீயே கூடாது என்பாரும் உண்டு. ஆனால் பிலிகிரி ரங்கன் மலையின் பழங்குடியினரான சோலிகர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்கு மட்டும் இலேசாகத் தீயிடும் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டார்கள். அது தடைப்பட்ட பின்புதான் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது என்பது அவர்கள் சொல்லிவரும் குறை. எந்தக் காற்றில் மூட்டலாம், எதில் கூடாது என்பது அவர்களுக்குப் பரம்பரையாக வந்த சாஸ்திரம். கல்லூரிச் சாலையின் கணக்கும் அந்த அனுபவமும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டுமேயல்லாமல், ஒன்று மற்றதை விலக்கத் தேவையில்லை.

இப்படி ஓர் இடத்துக்கென்றே கேட்டுப் பெறும் முன்னறிவிப்பில் நகரத்துக்கும் சொந்தப் பிரயோஜனம் உண்டு. போகியன்று விடியற்காலையில் காற்று அசையாமல் நிற்க, குளிர்ந்த நிலத்தின் மேல் படிந்த புகை எழும்ப முடியாமல் மாட வீதிகளிலேயே தேங்கிவிடுவதை நாம் அறிவோம். 2018 போகியில் பனியும் புகையும் கலந்து விமானங்களே தடுமாறின. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது, புகை எந்த நேரம் எந்தப் பேட்டையின் மேல் கவியும் என்பதைக் கடற்காற்றும் தரைக்காற்றுமே நிர்ணயித்தன. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் புகை மேற்கே பள்ளிக்கரணைப் பக்கம் திரும்பும் என்பது தென்சென்னையில் வாழும் எவரும் அனுமானிக்கக்கூடியது. அது எத்தனை மணிக்கு எழும் என்பதைத் தீயணைப்புத் துறையினர் கேட்டுப் பெற்று மக்களுக்கு அறிவித்திருந்தால், இளைப்பு நோயாளி இருக்கும் வீட்டில் எந்நேரம் சன்னலை அடைக்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

மலைத் தீக்கு இப்போதுள்ள பரிகாரம் நாட்காட்டியைப் பார்த்துச் செய்வது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 மலைப்பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம்; தீக்காலத்தை முன்னிட்டு 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவை மூடப்பட்டன. மூடியது நியாயமே. ஆனால் பாதைக்கு அனுமதிச் சீட்டு தரும் இணையத்தால் அந்தப் பாதையின் காற்றையும் ஈரப்பதத்தையும் சொல்ல முடியாதா? 1792-இல் அமைந்த சென்னை வானாய்வுக்கூடத்தின் வாரிசாகிய கல்லூரிச் சாலை அலுவலகத்துக்கும், கிண்டியிலுள்ள வனத்துறைத் தலைமையகத்துக்கும் இடையே ஒரு சிறு உடன்பாடு போதும். தேனி, நீலகிரி, சத்தியமங்கலம் ஆகிய பகுதிகளில் முதலில் தொடங்கலாம். படிவமும் பதிலும் தமிழில் இருக்க வேண்டும். கைப்பேசிக்கு அலை எட்டாத பள்ளத்தாக்குகளுக்கு, வனச்சரக அலுவலகத்திலிருந்து வாக்கி டாக்கியில் அதை வாசித்துக் காட்டி, கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் காற்றளவியும் ஈரமானியும் வாங்கிக் கொடுத்து, எரிப்பு முடிந்த அன்று மாலையே, சொன்ன காற்றும் வீசிய காற்றும் எவ்வளவு ஒத்துப்போயின என்பதை எழுதி அனுப்பச் செய்ய வேண்டும். தீத்தடுப்புக் கோடுகளை எரிக்கும் பணி தை மாதத்தில் சூடு பிடிக்கிறது. மார்கழிக்குள் இரு துறைகளும் கையெழுத்திட்டால் வருகிற பருவத்துக்கே இது கைகூடும்.