போட்ட காசு திரும்பி வராது

"வீட்டில போட்ட காசு எங்கையும் போகாது. நாளைக்கு வித்தாலும் ரெண்டு மடங்கா வரும்." கொழும்பின் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைக் குறுந்தெருக்களிலும் மேல்மாடிக்குக் கம்பி கட்டத் தொடங்கும்போது கேட்கும் வார்த்தை இது. மேசன் சொல்கிறார், புரோக்கர் சொல்கிறார், கனடாவிலிருந்து பணம் அனுப்பும் தம்பியும் சொல்கிறார். இது பிழையான நம்பிக்கை. இதை நம்பி நகையை அடகு வைப்பவர்களும் ஓய்வூதியப் பணத்தைக் கொட்டுபவர்களும் இருப்பதால், பிழை என்பதை உரக்கவே சொல்லவேண்டும்.

நம்புபவர்கள் ஒரு சான்று காட்டுவார்கள்: "இன்னார் 1995இல் வாங்கினார், மாடி கட்டினார், இப்போது பல மடங்கு விலைக்கு விற்றார்." விற்றது உண்மை. ஆனால் ஏறியது எது? அதே ஒழுங்கையில் ஒரு செங்கல்கூடச் சேர்க்காமல் பழைய ஓட்டு வீட்டை விற்றவருக்கும் விலை ஏறியே இருக்கிறது. ஏறியது காணி. அதோடு, விழுந்தது ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. காணியின் ஏற்றத்தையும் நாணயத்தின் வீழ்ச்சியையும் மேல்மாடியின் கணக்கில் எழுதுவதுதான் இந்த நம்பிக்கையின் அடித்தளம். கட்டடம் காணியைப் போன்றதல்ல. கொங்கிறீட் போட்ட நாளிலிருந்தே அதற்கு வயது ஏறுகிறது. மதிப்பீட்டாளர் தேய்மானத்தைக் கழித்துத்தான் விலை போடுவார்.

வெள்ளவத்தையில் தனி வீட்டை வாங்க வருபவர் யார் என்று பாருங்கள். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலான ஒழுங்கைகளில் தனி வீடுகள் ஒவ்வொன்றாகத் தொடர்மாடிகளாகின்றன. வாங்குபவர் பெரும்பாலும் கட்டட முதலீட்டாளர். அவர் எத்தனை பேர்ச், ஒழுங்கை எவ்வளவு அகலம், உறுதி சுத்தமா என்று கேட்பார். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அவர் விலை பேசுவது அந்த அலகில்தான். நீங்கள் மாபிள் பதித்த மேல்மாடி அவருக்கு இடிக்கவேண்டிய இன்னொரு தட்டு. அங்கே வாடகைக்கு ஆள் இருந்தால் சிக்கல் கூடும். அவருக்கு வேண்டியது வெறுமையாக்கிய வீடு.

குடியிருக்க வாங்குபவரும் உண்டு. அவர் பெரும்பாலும் வங்கிக் கடனோடு வருவார். வங்கி உறுதியையும் நில அளவைப் படத்தையும் மட்டும் பார்த்து விடாது. அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தையும் இணக்கச் சான்றிதழையும் கேட்கும். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதை விதித்துவிட்டது: அனுமதியின்றிக் கட்டக்கூடாது, இணக்கச் சான்றிதழின்றிக் குடியேறக்கூடாது. 1978இன் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், அனுமதியற்ற பகுதியை இடிக்க நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையையும் பெறலாம். வரைபடத்தில் இல்லாத அறைக்கு வங்கி கடன் தரத் தயங்கும். வாங்குபவரின் சட்டத்தரணி அந்த அறையைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்வார். கூட்டல் என்று நினைத்துக் கட்டியது அங்கே கழித்தலாகிவிடுகிறது.

"மாநகர சபை மேல்மாடிக்கும் சோலைவரி வாங்குகிறதே, அப்போ அது சட்டப்படிதானே?" என்று கேட்பவர்கள் பலர். இல்லை. வரி கட்டியதற்கான பற்றுச்சீட்டு, கட்டியதற்கான அனுமதியாகாது. "பிறகு கட்டணம் செலுத்தி அங்கீகாரம் எடுக்கலாம்" என்பது அடுத்த ஆறுதல். விதிகளுக்கு அமைந்த கட்டடத்துக்குத்தான் அந்த வழி. பின்புறத்தில் விடவேண்டிய திறந்த வெளியையும் அடைத்துச் சமையலறை நீட்டியவருக்கு அது உதவாது. கடற்கரைப் பக்கத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கொட்டாஞ்சேனையின் நிலைமை வேறு. அங்கே வாங்குபவர் பெரும்பாலும் குடியிருக்கவோ கடை நடத்தவோ வாங்குகிறார். காணி சிறிது, ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. பழைய செங்கற் சுவரின் மேல் ஒரு தட்டு ஏற்றினால் பாரம் அயலவரின் பக்கத்துக்கும் போகிறது. வெடிப்பு விழுந்தால் வழக்கு. வழக்கு உள்ள வீட்டை எவரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை. முற்றத்தை மூடினால் நடுவறைக்கு வெளிச்சம் போய்விடும், கானுக்கு மேல் அறை வந்தால் மழைக்காலத்தில் அடைப்பெடுக்க வழியிருக்காது. வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே ஐந்து மாடிக் கட்டடமொன்று 2017 மே மாதம் இடிந்து விழுந்து பலர் காயமடைந்ததை இந்த நகரம் மறக்கக்கூடாது. கொழும்பில் தட்டுக்கு மேல் தட்டு ஏற்றும் எவரும் முதலில் கேட்கவேண்டியது, அத்திவாரம் எதைத் தாங்கும் என்பதுதான்.

இவை எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது குடும்பங்களுக்குள் இந்த நம்பிக்கை செய்யும் வேலை. அப்பாவின் காணியில் அண்ணன் வெளிநாட்டுக் காசில் மேல்மாடி கட்டுகிறார். "கீழ்வீடு தங்கச்சிக்குச் சீதனம், மேல்வீடு எனக்கு" என்பது வாய்ப்பேச்சு. நம் நாட்டில் நிலவும் உரோம-டச்சுச் சட்டப்படி கட்டடம் காணியோடு சேர்ந்தது. தொடர்மாடி உடைமை பற்றிய 1973இன் 11ஆம் இலக்கச் சட்டப்படி முறையாகப் பிரித்துப் பதிந்தாலன்றி, மேல்மாடி தனிச் சொத்தாகாது. கட்டியவர் செலவுக்கு நட்டஈடு கோரலாம். வீடு என்னுடையது என்று சொல்ல முடியாது. விற்கும் நாளில் இந்த உண்மை வெளிவரும்போது சகோதரர்கள் நீதிமன்றப் படியில் நிற்கிறார்கள். இரட்டிப்பாக வரவேண்டிய காசு சட்டத்தரணிகளிடம் போகிறது.

கட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கீழே குளியலறையோடு ஓர் அறை வேண்டும், பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டும் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். வாடகைக்கு அனெக்ஸ் வேண்டுமானால் வாடகையையும் செலவையும் எழுதிக் கணக்குப் பாருங்கள். எத்தனை வருடத்தில் காசு மீளும் என்பது அப்போது தெரியும். எதற்கானாலும் வரைபடத்துக்கு அனுமதி எடுங்கள், முடிந்ததும் இணக்கச் சான்றிதழை வாங்கி உறுதியோடு வையுங்கள், யாருடைய பணம் என்பதை நொத்தாரிசு முன் எழுதுங்கள். கம்பி இறக்குவதற்கு முன் ஒரு பட்டய மதிப்பீட்டாளரிடம் இந்த மாடி விலையில் எவ்வளவு சேர்க்கும் என்று கேளுங்கள். கட்டினால் கூலி பெறும் மேசனும் விற்றால் தரகு பெறும் புரோக்கரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுந்தவர்கள் அல்லர். குடியிருக்கும் மனிதருக்குப் பயன்படாத அறையை, என்றோ வரப்போகும் ஒருவர் விலை கொடுத்து வாங்குவார் என்று கட்டுவது முதலீடாகாது. அந்தக் காசைக் கையில் வைத்திருப்பவரே பிழைத்தவர்.