சுவருக்கு அப்பால் பார்க்கும் கருவிகள்: சட்டம் என்ன செய்யப் போகிறது?

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, சௌதாரா என்னும் ஊரில் நான்கு பேர் இடிபாடுகளுக்குள்ளிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். ஏறத்தாழ 10 அடி வரை குவிந்திருந்த செங்கல், மண் ஆகியவற்றின் அடியில் அவர்களைக் கண்டறிய உதவியது நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் உருவாக்கிய 'ஃபைண்டர்' ரேடார். அது செலுத்திய நுண்ணலைகள், அவர்களின் இதயத் துடிப்பின் நுண்ணிய அசைவைச் சுமந்து திரும்பின.

ஒளியைக் கொண்டும் இன்று இத்தகைய தேடல் நடக்கிறது. மூடுபனியும் நுரையும் ஒளியை முழுவதுமாக விழுங்குவதில்லை, சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியிலும் செய்தி எஞ்சியிருக்கிறது. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் லிண்டெல், கார்டன் வெட்ஸ்டைன் ஆகியோர் ஓர் அங்குலத் தடிமனுள்ள நுரைப் பலகையின் வழியே லேசர் துடிப்புகளைச் செலுத்தினர். திரும்பிவந்த ஒளித்துகள்களின் வருகை நேரத்தைத் துல்லியமாக அளந்து, சிதறலின் விளைவைக் கணக்கீட்டால் நீக்கி, மறைந்திருந்த பொருளின் முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுத்தனர்.

மூடுபனியில் வாகனம் செலுத்துவதற்கும் உடல் திசுக்களை ஆராய்வதற்கும் இத்துறை பெரிதும் பயன்படக்கூடும். ஆனால், இடிபாட்டுக்குள் மூச்சை உணரும் ரேடார், குடியிருக்கும் வீட்டின் சுவருக்கு அப்பாலும் உணரும். அமெரிக்கக் காவல் துறையினர் அத்தகைய கையடக்கக் கருவியைப் பயன்படுத்தியது குறித்து 2014-இலேயே அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கவலை தெரிவித்தது.

இதற்கு முன்னோடியான தீர்ப்பு 2001-இல் வந்த கைலோ வழக்கு. தெருவில் நின்றபடி வெப்பப் படக் கருவியால் வீட்டை ஆராய்வதும் சோதனையே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் கூறியது. ஆனால், 'பொதுமக்களின் பயன்பாட்டில் இல்லாத' கருவிகளை முன்வைத்தே அந்தப் பாதுகாப்பு வரையறுக்கப்பட்டது. நாளை அக்கருவி கைப்பேசிபோலப் பரவலாகிவிட்டால் பாதுகாப்பு தளர்ந்துவிடுமா? என் பார்வையில், அத்தீர்ப்பின் பலவீனம் இதுவே. வீட்டின் அந்தரங்கம் கருவியின் விலையைப் பொறுத்ததாக இருத்தல் ஆகாது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமெனில் சட்டத்தின் ஆதரவும், நியாயமான நோக்கமும், அதற்கேற்ற அளவும் தேவை என்பது அத்தீர்ப்பின் சாரம். மீட்புப் பணிக்குத் தடையற்ற அனுமதி. காவல் பணிக்கு நீதிமன்ற ஆணை என்ற தெளிவான வேறுபாட்டை இப்போதே சட்டமாக்குவதே முறை. கருவிகள் பரவிய பின் விதி எழுத முற்பட்டால், பழக்கமே விதியாகிவிட்டிருக்கும்.