கணினி வகுப்பில் பஞ்சாலை

1888-இல் கோவை ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கி, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பல்கிப் பெருகிய பஞ்சாலைகளும், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் பஞ்சாலைத் தொழிலாளர் நால்வரும் கொங்குநாட்டின் தொழிலாளர் வரலாற்றில் பிரிக்க முடியாதவை. ஆயினும் கூலி, வேலைநேரம், சங்கம், சட்டம் ஆகியவற்றை ஆராயும் தொழிலாளர் கல்வியானது சமூகப்பணி, மேலாண்மைத் துறைகளுக்கு உரியதாகவே கருதப்பட, கணினி மாணவர் பெரும்பாலும் அதன் வாசனையே அறியாமல் விளாங்குறிச்சி டைடல் மென்பொருள் பூங்காவுக்கு வேலைக்குச் செல்வது பெருங்குறை. நூற்பு எந்திரத்தில் எத்தனை இழை அறுந்தது, எவ்வளவு நேரம் கதிர் ஓடாமல் நின்றது என்று கணக்கிடும் மென்பொருள், அந்த எந்திரத்தில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணின் உழைப்பையும் சேர்த்தே அளக்கிறது. அதை எழுதப்போகிறவருக்கு, வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பிட்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை நிரலாக்க வகுப்பிலேயே, மில்வாசலுக்கு அழைத்துச் சென்றே கற்பிக்க வேண்டும்.